வளை ஆந்தையைக் கணக்கெடுத்தல்

ஆந்தை என்றதும், பகற்பொழுதை மரப்பொந்திலோ பாழ்மண்டபத்திலோ கழித்து இரவில் உலவும் பறவையே நம் நினைவுக்கு வருகிறது. இவ்வழக்கத்துக்கு மாறாக, மரமில்லாத புல்வெளியில், மண்ணுக்குள் அமைந்த வளையில் குடியிருந்து, பட்டப்பகலில் அவ்வளையின் வாயிலில் நின்று காவல் புரியும் ஆந்தை ஒன்று அமெரிக்கக் கண்டங்களில் உண்டு. அதற்கு வளை ஆந்தை என்று பெயர். சிலி நாட்டு இயற்கை நூலறிஞர் மொலினா 1782-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி விவரித்தார். கானடாவின் தென்பகுதியிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரையில் இது பரவியுள்ளது. நம் ஊர்ப்புறங்களில் எங்கும் காணப்படும் புள்ளி ஆந்தையும் இதுவும் அதீனீ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆகையால் இதனை நமக்குத் தூரத்து உறவு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

பகலில் வெளியே நிற்கும் பறவையை எண்ணுவது எளிது என்று தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. இவ்வாந்தையைக் கணக்கெடுக்கும் முறை, பாதுகாக்கப்பட்ட நிலங்களில் பணிபுரியும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது. “காணவில்லை” என்பது வேறு, “இல்லை” என்பது வேறு என்பதே அப்பாடம்.

பறவையும் அதன் வீடும்

வளை ஆந்தை 19 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 150 கிராம் எடையும் உள்ள சிறு பறவை. பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகளும், மஞ்சள் நிறக் கண்களும், உடலின் அளவுக்குப் பொருந்தாதவை போன்ற நீண்ட கால்களும் இதன் அடையாளங்கள். ஐயம் ஏற்பட்டால் உடலை மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்கும். அச்சம் மிகுந்தால் தாழப் பறந்து சற்றுத் தொலைவில் அமரும், அல்லது வளைக்குள் புகுந்துவிடும். வளைக்குள் அகப்பட்டுக்கொண்ட குஞ்சுகள், கிலுகிலுப்பைப் பாம்பின் ஒலியைப் போன்ற சீற்றத்தை எழுப்பிப் பகையை விரட்டுகின்றன.

வளை ஆந்தை என்று பெயர் இருப்பினும், வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் இனப்பிரிவு பெரும்பாலும் தானே வளை தோண்டுவதில்லை. பிறர் தோண்டிக் கைவிட்ட வளைகளில் அது குடியேறுகிறது. கலிபோர்னியாவில் தரை அணில்களும், நடுப்பகுதிப் புல்வெளிகளில் பிரெய்ரி நாய் என வழங்கும் கொறிப்பிராணியும் இவ்வாந்தைக்கு வீடு கட்டித் தருபவை எனலாம். பிளோரிடாவில் வாழும் இனப்பிரிவோ தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும் வழக்கமுடையது. எனவே, பயிரை அழிப்பவை என்று கருதித் தரை அணில்களையும் பிரெய்ரி நாய்களையும் நஞ்சிட்டு ஒழித்த இடங்களில் ஆந்தைகளும் வீடிழந்தன. புல்வெளிகள் உழுநிலங்களாகவும் நகரங்களாகவும் மாறியதும் சேர்ந்துகொண்டது.

எண்ணிக்கை ஏன் வேண்டும்?

கானடாவில் வளை ஆந்தை 1979-இல் அச்சத்துக்குள்ளான இனம் எனவும், 1995-இல் அழிவை எதிர்நோக்கும் இனம் எனவும் வகைப்படுத்தப்பட்டது. ஆண்டுதோறும் திரட்டப்பெற்ற எண்ணிக்கைகளே இம்முடிவுகளுக்கு ஆதாரம். அந்நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1987-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, நில உரிமையாளர்கள் தங்கள் புல்வெளியை உழாமல் விட்டுவைக்க மனமுவந்து ஒப்புக்கொண்டதோடு, தங்கள் நிலத்தில் எத்தனை ஆந்தைகள் உள்ளன என்பதையும் ஆண்டுதோறும் தெரிவித்து வந்தனர். அம்மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவும் அதன் சுற்றுப்புறமுமே, கானடாவில் கருவால் பிரெய்ரி நாய்கள் இயற்கையாக வாழும் ஒரே பிரதேசம். அப்பூங்காவில் ஆந்தைகள் அப்பிராணிகளின் வளைகளில் குஞ்சு பொரிக்கின்றன.

கலிபோர்னியாவில் 1991 முதல் 1993 வரை நடைபெற்ற பெருங்கணக்கெடுப்பில், நிலப்பரப்பு ஐந்து கிலோமீட்டர் நீளமும் ஐந்து கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மாநிலத்து வளை ஆந்தை இணைகளில் மூன்றில் இரு பங்குக்கு மேல் இம்பீரியல் பள்ளத்தாக்கு என்னும் ஒரே பாசனப் பகுதியில் இருப்பது அப்போது தெரியவந்தது. அங்கே அவை பூங்காக்களில் வாழவில்லை. வயல்களுக்கிடையே ஓடும் வாய்க்கால்களின் கரைகளில் வாழ்ந்தன. கடற்கரையை அடுத்த சில மாவட்டங்களிலோ இனப்பெருக்கம் செய்யும் ஆந்தைகள் அற்றுப்போயிருந்தன. முறையான கணக்கெடுப்பு நடந்திராவிட்டால் இவ்வேறுபாடு புலப்பட்டிராது. 2024-இல் அம்மாநிலத்தின் வனவிலங்கு ஆணையம், அழிவாபத்துக்குரிய இனங்களின் பட்டியலில் சேர்ப்பதற்கான பரிசீலனைக்கு இப்பறவையை ஏற்றுக்கொண்டது.

கணக்கெடுப்பின் முடிவு ஏட்டில் எழுதப்படுவதோடு நின்றுவிடுவதில்லை. “இவ்விடத்தில் ஆந்தை இல்லை” என்று ஒருவர் எழுதினால், அதை நம்பி மண்வாரி இயந்திரம் வருகிறது. நடைபாதை போடுதல், மேடு திருத்தல், கரை கட்டுதல் ஆகிய பணிகள் பூங்காக்களிலும் நடைபெறுகின்றன. ஆந்தையின் முட்டைகளும் பறக்கவியலாத குஞ்சுகளும் மண்ணுக்குள் இருப்பவை ஆதலால், தவறாக எழுதப்பட்ட ஒரு சொல் அவற்றை உயிரோடு புதைத்துவிடக்கூடும்.

முதற்படி: அடையாளங்களைத் தேடுதல்

பறவையைத் தேடுவதற்கு முன்னர், அது வாழத்தக்க இடத்தைத் தேடுதல் வேண்டும். குட்டையான புல், திறந்த வெளி, போதிய அகலமுள்ள வளைகள் ஆகிய மூன்றும் அமைந்த பகுதிகளை முதலில் நிலப்படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மண் வளைகளேயன்றி, சாலைக்கு அடியில் செல்லும் குழாய்கள், கற்குவியல்கள், இடிந்த சிமெண்டுக் கட்டைகளின் இடுக்குகள் ஆகியவற்றிலும் ஆந்தை குடியிருப்பதுண்டு.

குடியிருக்கும் வளையின் வாயிலில் சில அடையாளங்கள் காணப்படும். வெண்ணிற எச்சம், உதிர்ந்த இறகுகள், இரையின் மிச்சங்கள் என்பன அவை. செரிக்காத எலும்பு, மயிர், வண்டுகளின் ஓடு ஆகியவற்றை ஆந்தை உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டைகளும் அங்கே கிடக்கும். இவற்றோடு, உலர்ந்த சாணித் துண்டுகள் பரப்பப்பட்டிருப்பதையும் காணலாம். இது தற்செயலானதன்று, ஆந்தையே இதைக் கொணர்ந்து பரப்புகிறது. பிளோரிடாவில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாயிலில் சாணி இருந்தபோது ஆந்தைகள் உண்ட சாணி வண்டுகளின் எண்ணிக்கை, சாணி இல்லாதபோது உண்டதைப் போல் பத்து மடங்காக இருந்தது. அதாவது, சாணி இங்கே தூண்டிலில் கோத்த இரையாகப் பயன்படுகிறது. எனவே, இவ்வடையாளங்களைக் கணக்கெடுப்பாளர் கண்டு குறித்துக்கொள்ள வேண்டுமேயன்றி, அப்புறப்படுத்தலாகாது.

நடையும் நோக்கும்

கலிபோர்னியாவின் மீன் வனவிலங்கு இலாகா 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, நடந்து கணக்கெடுக்கும் முறையைத் தெளிவாக வகுத்துள்ளது. ஆராய வேண்டிய நிலம் முழுவதிலும், அதன் எல்லைக்கு வெளியே 150 மீட்டர் வரையிலும், நேர்கோடுகளாக நடந்து செல்லவேண்டும். கோடுகளுக்கிடையே உள்ள தூரம் 7 முதல் 20 மீட்டர். புல் உயர்ந்திருந்தால் கோடுகள் நெருங்கியும், குட்டையாக இருந்தால் சற்று விலகியும் இருக்கலாம். ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும், பிறகு 100 மீட்டருக்கு ஒரு முறையேனும் நின்று, கண்ணுக்கெட்டிய பரப்பு முழுவதையும் இருகண் தொலைநோக்கியால் துழாவிப் பார்க்கவேண்டும்.

இவ்வாறு நின்று பார்ப்பதே இம்முறையின் உயிர்நாடி. நடப்பவரைக் கண்ட ஆந்தை, அவர் அணுகுமுன்பே வளைக்குள் இறங்கிவிடலாம். காலடியை நோக்கியே நடப்பவர் வெற்று வளையைக் காண்பாரேயன்றிப் பறவையைக் காணமாட்டார். மேலும், தரை அணிலும் பிரெய்ரி நாயும் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் வழக்கமுடையவை. தொலைவில் அவை ஆந்தையைப் போலவும், ஆந்தை அவற்றைப் போலவும் தோன்றும். பார்த்தது எது என்று துணியும் வரையில் காத்திருப்பதே முறை.

காலமும் வானிலையும்

ஒரே முறை சென்று பார்ப்பது போதாது. மேற்கூறிய வழிகாட்டியின்படி இனப்பெருக்கப் பருவத்தில் நான்கு முறை செல்லவேண்டும். பிப்ரவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையே குறைந்தது ஒரு முறையும், ஏப்ரல் 15-க்கும் ஜூலை 15-க்கும் இடையே குறைந்தது மூன்று வார இடைவெளியில் மூன்று முறையும் பார்வையிடுதல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் ஜூன் 15-க்குப் பிற்பட்டதாக இருத்தல் வேண்டும்.

இவ்வரையறைக்குக் காரணம் பறவையின் வாழ்க்கை முறையே. பெண் ஆந்தை வளைக்குள் முட்டைகளை அடைகாக்கும் நாள்களில், ஆண் மட்டுமே வெளியே நிற்கும். அப்போது ஒன்று என எண்ணுபவர் ஓர் இணையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார். குஞ்சுகள் பொரித்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சென்றபின் வாயிலுக்கு வரத் தொடங்கும். அப்போது ஒரே வளையருகில் ஆறேழு பறவைகள் தோன்றலாம். குளிர்காலத்திலோ வடக்கிலிருந்து வலசை வரும் ஆந்தைகள் உள்ளூர் ஆந்தைகளுடன் கலந்துவிடும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில், பழைய குப்பைமேட்டின் மீது அமைந்த பெர்க்லி நகரப் பூங்காவுக்கு வளை ஆந்தைகள் குளிர்காலத்தில் வந்து தங்கி, வசந்தத்தில் திரும்பிவிடுகின்றன. அங்கே கோடையில் மட்டும் சென்று பார்ப்பவர், ஆந்தை வாராத பூங்கா என்று எழுதிவிடுவார்.

நாளின் நேரமும் முக்கியமானது. விடியற்கால வெளிச்சம் தோன்றியது முதல் காலை 10 மணி வரையிலும், சூரியன் மறைவதற்கு இரண்டு மணி முன்பிருந்து அந்தி வெளிச்சம் மறையும் வரையிலும் ஏற்ற வேளைகள். நண்பகலில் பறவைகள் நிழலை நாடுகின்றன. தரையிலிருந்து எழும் வெப்ப அலைகளால் தொலைநோக்கியில் தெரியும் உருவமும் நடுங்குகிறது. காற்று மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசும்போதும், மழையிலும், அடர்ந்த மூடுபனியிலும் கணக்கெடுத்தல் தகாது.

குரல் கொடுத்துப் பார்த்தல்

பரந்த நிலப்பரப்பில் எல்லா இடங்களிலும் நடப்பது இயலாது. அங்கே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு நிலையம் வகுத்துக்கொண்டு, அங்கு நின்று நோக்குவது வழக்கம். முதல் மூன்று நிமிடம் அமைதியாகப் பார்ப்பர். அடுத்த மூன்று நிமிடம், பதிவு செய்த ஆண் ஆந்தையின் குரலையும் எச்சரிக்கைக் குரலையும் ஒலிபரப்பிப் பார்ப்பர். தன் எல்லைக்குள் அந்நியன் வந்ததாக எண்ணி, ஆண் ஆந்தை எதிர்க்குரல் கொடுக்கும், அல்லது மறைவிடத்திலிருந்து வெளிப்படும். சஸ்காச்சுவானில் நடந்து 1993-இல் வெளியான ஆராய்ச்சி இம்முறையின் பயனை எடுத்துக்காட்டியது. எனினும், அளவுக்கு மீறி ஒலிபரப்பினால் பறவை தன் கடமையை விட்டு வீண் சண்டைக்கு அலையும். ஆகவே குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நொடியும் ஒலிபரப்பலாகாது.

எதை எண்ணுவது?

வளைகளின் எண்ணிக்கை ஆந்தைகளின் எண்ணிக்கை ஆகாது. ஒரு குடும்பம் பல வளைகளைப் பயன்படுத்துகிறது. வளரும் குஞ்சுகள் அண்டை வளைகளில் பிரிந்து தங்குவதுமுண்டு. ஆகையால் இணைகள், தனிப்பறவைகள், வாயிலில் கண்ட குஞ்சுகள், குடியிருப்பின் அடையாளமுள்ள வளைகள் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதவேண்டும். குஞ்சுகளை எண்ணுகையில், பலமுறை பார்த்து, ஒரே சமயத்தில் கண்ட மிகப் பெரிய எண்ணையே கொள்ளவேண்டும்.

கணக்கெடுப்பு பறவைக்கு இடையூறாக முடிந்துவிடலாகாது. முட்டையும் குஞ்சும் உள்ள மாதங்களில், வேலையின் தன்மைக்கேற்ப வளையிலிருந்து 200 முதல் 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்று கலிபோர்னிய வழிகாட்டி கூறுகிறது. வளையைக் கண்டவுடன் அதனிடத்தைக் குறித்துக்கொண்டு விலகிவிட வேண்டும். வளையருகே கொடியோ கழியோ நடுதல் தவறு. அது வழிப்போக்கரையும் நாய்களையும் அங்கே அழைப்பதற்கு ஒப்பாகும்.

“காணவில்லை” என்பதன் பொருள்

நான்கு முறை சென்றும் ஆந்தையைக் காணவில்லை என்று கொள்வோம். இதிலிருந்து என்ன முடிவு செய்யலாம்? ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஆந்தை இருக்கும் இடத்தில், நல்ல வானிலையில், ஒரு முறை சென்றால் அதைக் காணும் வாய்ப்பு பாதி என வைத்துக்கொள்வோம். ஒருமுறை தவறவிடும் வாய்ப்பு 2-இல் 1. இரு முறையும் தவறவிடுவது 4-இல் 1. மூன்று முறையும் 8-இல் 1. நான்கு முறையும் 16-இல் 1. அதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. இப்போது காற்று பலமாக வீசும் நாள்களிலேயே நான்கு முறையும் சென்றதாகவும், அதனால் ஒரு முறை காணும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததாகவும் கொண்டால், நான்கு முறையும் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 41 ஆகிவிடுகிறது. இரண்டு கணக்கெடுப்புகளிலும் ஏட்டில் எழுதப்படுவது “காணவில்லை” என்னும் ஒரே சொல். ஆனால் அச்சொல்லின் மதிப்பு வேறு.

ஆகவே, எங்கே நடந்தார், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடித்தார், காற்றும் மேகமும் எவ்வாறு இருந்தன, புல் எவ்வளவு உயரம், எப்பகுதியைப் பார்க்க இயலவில்லை என்னும் விவரங்கள் அனைத்தையும் ஏட்டில் எழுதுவது கணக்கெடுப்பாளரின் கடமை. காணாத நாளின் குறிப்பு, கண்ட நாளின் குறிப்பைவிட விரிவாக இருத்தல் வேண்டும். ஏனெனில், கண்ட பறவை தனக்குத்தானே சாட்சி. காணாமைக்கோ அந்தக் குறிப்பு ஒன்றே சாட்சி. இதே காரணம் பற்றி, மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு முறை ஆந்தை குடியிருந்த இடத்தைக் குடியிருப்பாகவே கருதவேண்டும் என்னும் விதியும் கலிபோர்னியாவில் வகுக்கப்பட்டது.

நம் நாட்டின் படிப்பினை

இப்பாடத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வளை ஆந்தையின் இனத்தைச் சேர்ந்த காட்டுச் சிற்றாந்தை, மத்திய இந்தியக் காடுகளுக்கே உரியது, பகலில் நடமாடுவது. 1872-இல் பிளூவிட் என்பவர் சேகரித்த பறவையைக் கொண்டு ஹியூம் 1873-இல் இதனை விவரித்தார். 1884-க்குப் பிறகு இது எவருக்கும் அகப்படவில்லை. ஆயினும், 1914-இல் குஜராத்தின் மாண்டவியில் தாம் ஒன்றைச் சேகரித்ததாக மைனெர்ட்ஸாகன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி சீட்டு எழுதி வைத்திருந்தார். அச்சீட்டு பொய்யானது என்பதும், அப்பறவை முன்னமே வேறொருவர் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்ததே என்பதும் பிற்காலத்து ஆராய்ச்சியில் வெளிப்பட்டன. அதனை நம்பித் தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினர். பறவை அழிந்துவிட்டது என்னும் எண்ணம் வலுப்பட்டது. பொய்ச் சீட்டை விலக்கிவிட்டு, உண்மையான பழைய குறிப்புகளின் வழியே சென்ற பமேலா ராஸ்முஸ்ஸன், பென் கிங், டேவிட் அபட் ஆகியோர், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அதனைக் கண்டனர். 113 ஆண்டுகள் “இல்லை” எனப்பட்ட பறவை பட்டப்பகலில் கிளையில் அமர்ந்திருந்தது. பின்னர் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகிய மாநிலங்களின் காடுகளில் வேறு இடங்களிலும் அது காணப்பட்டது.

ஒரு பொய்க்குறிப்பு தேடலைத் திசைதிருப்பியது. ஒரு மெய்க்குறிப்பு நூறாண்டுக்குப் பின்னரும் வழிகாட்டியது.

ஆசிரியர்கள் மாணவர்களுக்கு இதனை உணர்த்த அமெரிக்கா செல்லவேண்டுவதில்லை. பள்ளிக்கு அருகிலுள்ள பழைய ஆலமரத்திலோ பாழடைந்த கட்டடத்திலோ வாழும் புள்ளி ஆந்தைகளே போதும். மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை நண்பகலிலும் மற்றொன்றை அந்தியிலும், நான்கு வாரம் வாரத்துக்கொரு முறை தொலைவில் நின்று எண்ணச் செய்யலாம். நேரம், காற்று, மேகம், நின்ற இடம் ஆகியவற்றைக் குறிக்கச் செய்து, முடிவில் இரு ஏடுகளையும் ஒப்பிட்டுக் காட்டலாம். நண்பகல் ஏட்டில் சுழியும் அந்தி ஏட்டில் எண்ணும் இருக்கும் நாளில், ஆந்தைகள் கூடவுமில்லை, குறையவுமில்லை, பார்த்த முறையே மாறியது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.